கேப்டன் பட்டையும் என் கையெழுத்தும்

சூரியநெல்லி,
ஞாயிற்றுக்கிழமை, மழை.

கொல்லங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதி ஊரையே ஓடவைக்கும் என் மருமகள் ஆர்த்திக்கு,

தேயிலைக் காட்டின் முடிசூடா மன்னனும், மூன்றாம் டிவிஷன் கால்பந்துக் குழுவின் நிரந்தரச் செயலாளனும், உன் அம்மாவுக்கு ஒரே தம்பியுமாகிய சுடலைமணி மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. பேக்டரியில் கொழுந்து வாடப்போடும் மாடியில் நேற்று ஒரு நாள் மட்டும் நான் நடந்த நடைக்கு, போடிக்குப் போய்ப் பரோட்டா தின்றுவிட்டு மலையேறித் திரும்பியிருக்கலாம்.

காரணம் உனக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் என் போனுக்கு ஒரு தாளின் படத்தை அனுப்பினாய். கீழே ஒரே வரி: “மாமா, இது உங்கள் கையெழுத்தா?”

பிறகு நீ நான்கு தடவை கூப்பிட்டாய். முதல் தடவை, நம் லைன் வீடுகளுக்குள் யானை வந்துவிட்டது என்றேன். இரண்டாம் தடவை, அந்த யானை டவரில் முதுகைச் சொறிவதால் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றேன். மூன்றாம் தடவை, யானையின் மாமனார் வீட்டு ஆட்களும் வந்திருப்பதாகச் சொன்னேன். நான்காம் தடவை எடுக்கவே இல்லை. போனில் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை, மருமகளே. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பேனாவுக்கு யானையைத் தெரியாது.

உன் புகாரைப் பற்றித்தான் இங்கே டீக்கடை முழுக்கப் பேச்சு. மலைநாடு கால்பந்துக் கழகத்தின் பெண்கள் அணியில் பாதிப்பேர் எந்த வருடம் பார்த்தாலும் நம் எஸ்டேட் பிள்ளைகள். கேப்டனாக ஒருத்தியும் இருந்ததில்லை. கோச்சாக ஒருத்தியும் இல்லை. தலைமைக் கோச் வேலைக்கு நீ மூன்று தடவை எழுதிப் போட்டும், உன்னைவிடக் குறைந்த சர்ட்டிபிகேட் வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, உன்னை அவர்கள் பின்னால் பந்துப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். தமிழ்ப் பிள்ளை என்பதால்தான் இது நடக்கிறது என்று நீ எழுதிக் கொடுத்தாய். அதற்கு அவர்கள் ஒரு தாளை நீட்டினார்கள். பாரபட்சமா, பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் உன்னைக் கேப்டன் ஆக்கினோமே, உன் வீட்டார்தானே வேண்டாமென்று எழுதித் தந்தார்கள் என்று. வியாழக்கிழமை தொடுபுழாவில் விசாரணை. அந்தத் தாள் நின்றால் உன் புகார் விழுந்துவிடும். இவ்வளவும் எனக்குப் புரிகிறது. புரிந்ததால்தான் நடை.

உன் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தத் தாளைக் கண்ணால் பார்க்காமலே, யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று கற்பகம் அக்கா முடிவே கட்டிவிட்டாள். காலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது ஆரம்பிக்கிறாள்: ‘எம் பிள்ள வாழ்க்கையில கையெழுத்துப் போட்டவன் கை புழுத்துப் போவும்.’ நிறை போட்டுத் திரும்பும்போதும் அதே பாட்டுதான். புதன்கிழமை மத்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறிக்கொண்டே, ‘அவன் கை சோத்துல படாமப் போவணும், நீ இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா’ என்றாள். நான் அந்தக் கையாலேயே பிசைந்து தின்றேன். குழம்பு நன்றாக இருந்தது. முள் மட்டும் இன்னும் தொண்டையில் இருப்பதுபோல் இருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம். என் கையெழுத்துத்தான். கீழே இரண்டு கோடு இழுத்து ஓரத்தில் புள்ளி வைக்கும் ராஜ முத்திரை இந்த மலையில் வேறு எவனுக்கு உண்டு?

எப்படிப் போட்டேன் என்பதைச் சொல்கிறேன். இனிமேல் வருவதில் பொய் இல்லை. அளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் அது பழக்கதோஷம்.

அப்போது உனக்குப் பதினைந்து வயது. சித்திரபுரத்தில் கேம்ப். எஸ்டேட் பிள்ளைகளுக்குத் துணையாக வந்தவன் நான். அன்று காலையில் உன் பெயரைக் கேப்டன் என்று வாசித்தார்கள். நீ சிரிக்கவில்லை, ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாய். சாயங்காலம் கழகத்து ஜோஸ் சார் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ‘சேட்டா, இரிக்கூ’ என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். மருமகளே, நாற்பத்தைந்து வயதுவரை எந்த ஆபீஸ் வராந்தாவிலும் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அதில் உட்கார்ந்ததும் நான் ஆறடி உயர்ந்தேன். கட்லெட் வந்தது. சாஸ் வந்தது. கழகத்துக்காரர்கள் நாலு பேர், நடுவில் நான்.

அப்போது ஜோஸ் சார் மற்றவர்களிடம் சொன்னார்: ‘ஓடான் பாண்டிப் பிள்ளேரு மதி. மும்பில் நிற்கான் நம்முடெ ஒரு குட்டி வேணம்.’ ஓடுவதற்குப் பாண்டிப் பிள்ளைகள், அதாவது நம் தமிழ்ப் பிள்ளைகள், போதும், முன்னால் நிற்க அவர்கள் பிள்ளை ஒன்று வேண்டும். கோபமாகச் சொல்லவில்லை. மழைக்குக் குடை வேண்டும் என்பதுபோல் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு தாளைத் தந்து, வீட்டார் சம்மதம், வேறொன்றுமில்லை, வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஏழு வரி. முழுக்க மலையாளம்.

இப்போது பேரரசின் பெரிய ரகசியத்தை உடைக்கிறேன். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.

பேசுவேன். திட்டுவேன். கட்சிக் கூட்டத்தில் கைதட்டல் வாங்குவேன். ஆனால் நான் படித்தது எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடம், எட்டாவது வரை. அந்த எழுத்து எனக்கு ஜிலேபி பிழிந்ததுபோல்தான் தெரியும். டீக்கடையில் முப்பது வருடமாக நான் பேப்பர் விரித்ததெல்லாம் படம் பார்க்கத்தான். பக்கத்து பெஞ்சில் பேசுவதைக் காதில் வாங்கி, கொஞ்சம் மசாலா சேர்த்து, தலையங்கம்போல் திருப்பிச் சொல்லுவேன். ஒரு தடவை ஆபீஸ் சுவரில் ஒட்டிய நோட்டீசை வாசித்துச் சொல்லும்படி பெரியமுத்து அண்ணன் கேட்டார். டவுனிலிருந்து பெரிய டாக்டர் வருகிறார் என்றேன். மறுநாள் மூன்று லைன் ஜனமும் குளித்து எண்ணெய் தேய்த்துத் தலைசீவி டிஸ்பென்சரி முன்னால் நின்றது. டாக்டர் வரவில்லை. திரும்பி வந்தால் குழாயில் தண்ணீரும் வரவில்லை. மூன்று நாளைக்குத் தண்ணீர் கிடையாது என்பதுதான் அந்த நோட்டீஸ். பெரியமுத்து அண்ணன் இன்றைக்கும் அந்த டாக்டரைத்தான் திட்டுகிறார்.

அதை நினைத்துச் சிரிக்கலாம். சித்திரபுரத்து வராந்தாவில் செய்ததை நினைத்துச் சிரிக்க முடியவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டேன். முதல் வரியிலிருந்து விரலை ஓட்டினேன். நாலாவது வரியில் தலையாட்டினேன். ஆறாவது வரியில் ‘ம்’ என்றேன். பிறகு கோடு இரண்டு, புள்ளி ஒன்று.

பத்தடி தள்ளிக் குழாயடியில் நீ காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தாய். உனக்கு இரண்டு மொழியும் வாசிக்க வரும். ‘ஆர்த்தி, இங்கே வா, இதைப் பாரு’ என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனுஷன், ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவதா என்று இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் இருக்கிறதா என்று பத்து நாளாக நடந்து நடந்து தேடுகிறேன். இல்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கேப்டன் பட்டை உன்னோடு ஆடிய மலையாளப் பிள்ளை ஜோமோள் கையில் இருந்தது. பாவம், அந்தப் பிள்ளையும் உன் முகத்தைப் பார்க்காமல் நின்றது. நீ என்னிடம் வந்து ஏன் மாமா என்று கேட்டாய். மேலிடத்து அரசியல், உனக்குப் புரியாது என்றேன். எனக்குப் புரிந்திருந்தது. சம்மதம் என்று சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்று வியாழக்கிழமை சொல்லலாம், அது முக்கால்வாசி உண்மை. பட்டை கைமாறியதைப் பார்த்த பிறகும் பதின்மூன்று வருடம் வாயை மூடியிருந்தேனே, அது மீதிக் கால்வாசி. இரண்டில் எது கனம் என்று நீ நிறுத்துக்கொள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. போன திங்கட்கிழமை ஜோஸ் சார் ஜீப்பில் நம் லைனுக்கே வந்தார். ஒரு பொட்டலம் வாழைக்காய் வறுவல். ‘நிங்ஙள் ஒண்ணும் பறயண்டா, மணிச்சேட்டா. வராதிருந்நா மதி’ என்றார். எதுவும் சொல்லவேண்டாம், வராமல் இருந்தால் போதும். அடுத்த மாதம் கழகத்து விழாவில் எனக்குப் பொன்னாடை போடுகிறார்களாம். மேடையில் நாற்காலியாம். ‘ஹைரேஞ்ச் கால்பந்தின் தந்தை’ என்று பேனரில் என் படமாம். நான் காறித் துப்பி அனுப்பியிருக்க வேண்டும். பொன்னாடை என்ன நிறம் என்று கேட்டேன். உன் மாமன் இப்படிப்பட்டவன்தான்.

அவர் போன பிறகு உன் அத்தை சந்தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசிக்கத் தெரியாது என்பதையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, ‘அது கல்யாணமான மறுவாரமே தெரியும். சாவு போட்டோ போடுற பக்கத்தப் பாத்துட்டு, எல்லாருக்கும் கல்யாணம் கூடியிருக்குன்னு சொன்ன ஆளுதான நீரு’ என்றாள். இருபத்தெட்டு வருடம் தெரிந்தே பேப்பரை மடித்து மடித்துக் கையில் கொடுத்திருக்கிறாள்! பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ‘இருக்கிறத அந்தப் பிள்ளைக்கு எழுதும். வாயில சொன்னா நீரு யானையக் கொண்டாந்து விட்டுருவீரு’ என்றாள்.

எழுதிவிட்டேன். முந்தாநாள் ஜோஸ் சாரையும் கூப்பிட்டு, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆலோசித்துச் செய்யுங்கள் சேட்டா, ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றார். அது உண்மைதான். விசாரணையில் நான் சொன்னது வெள்ளிக்கிழமை டீக்கடைக்கு வந்துவிடும். பெரியமுத்து அண்ணன் பழைய நோட்டீஸ் ஒவ்வொன்றையும் கிளறிக் கணக்குக் கேட்பார். கேட்கட்டும்.

புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் உன் அம்மாவும் நானும் புறப்படுகிறோம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லலாமென்று பார்த்தேன், அடிமாலி வளைவில் என்னைத் தள்ளிவிடுவாள். தொடுபுழாவில் இறங்கியதும் நானே சொல்லுகிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அந்த வசவை நான் நேரில் வாங்கவேண்டும்.

விசாரணையில் நான் சொல்லப்போவது மூன்று. கையெழுத்து என்னுடையது. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஜோஸ் சார் சொன்னது இது, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நாலாவதாக ஒன்றும் சேர்க்கமாட்டேன். சேர்க்க வாய் வந்தால் நீ என்னை முறைத்துப் பார், நிறுத்திவிடுவேன். இதனால் உனக்கு அந்த வேலை கிடைக்குமா, தெரியாது. கிடைக்கும் என்று அளந்துவிட ஆசைதான். இந்தத் தடவை அளக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. நீ போனில் அனுப்பிய படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கே ஒருவரிடமும் காட்ட முடியவில்லை. அந்த ஏழு வரியில் உன்னைப் பற்றி நான் என்னவெல்லாம் ஒத்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை அவர்கள் அந்தத் தாளை என் முன்னால் வைப்பார்கள். அப்போது நீ எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி, மெதுவாக, ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்துத் தமிழில் சொல்லு.

நான் நின்றுகொண்டே கேட்கிறேன். நாற்காலி வேண்டாம்.

உன் பெயர் எடுத்த இடமெல்லாம் நிமிர்ந்து நிற்க ஆசீர்வதிக்கும்,
மாமா
சுடலைமணி