ஊதாத விசில்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ அங்கே பேரும் புகழுமாக இருக்கிறாய் என்பது உன் ஆள் கொண்டுவந்த விளம்பரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதனால் நலம் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம்.

உனக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நாள் ரயில் பயணம் இருக்கிறது, ஆனாலும் ஒட்டுவதற்கு என் சலவைக்கடைக் கதவுதான் கிடைத்தது பார். போன வாரம் ஒருவன் சுருட்டிய காகிதங்களோடு வந்து, "ஐயா, கதவுல ஒண்ணு ஒட்டிக்கட்டுமா, காட்டுல மாட்டிக்கிட்டா எப்படிப் பிழைக்கிறதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்ற முகாம், நல்ல விஷயம்" என்றான். நான் உன் அப்பன் என்று அவனுக்குத் தெரியாது. பசை டேப்பை நானே எடுத்துக் கொடுத்தேன், அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடிக் கதவில் உன் அக்கா மகள் நிற்கிறாள், தோளில் போர்வை, தலையில் சருகு, முகமெல்லாம் பல், கீழே கொட்டை எழுத்தில் 'காட்டில் தொலைந்தாள், கலங்கவில்லை. உங்கள் பிள்ளை எப்படி?' அந்த நேரம் பார்த்து அவளே பள்ளிக்கூடம் விட்டு வந்து சேர்ந்தாள். படத்தைப் பார்த்தாள். "தாத்தா, அது சிரிப்பு இல்ல, குளிர்ல பல்லு கடகடன்னு ஆடுச்சு, வாயை மூட முடியல" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், உதிர்ந்த பட்டன்களை நிறம் நிறமாகப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் அதைக் கிழித்துப் போட்டேன். உன் ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

முகாமில் தொலைந்த அவள் கிடைத்த அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "நான் கத்துக்குடுத்ததுதான்பா அவளைக் காப்பாத்துச்சு" என்றாய். வீட்டுக்கு நெருப்பு வைத்தவன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுகிற கதைதான் இது. ஓடைக்கரையிலிருந்து கூடாரத்துக்குத் தனியாகத் திசை பார்த்து வா என்று பதின்மூன்று வயதுப் பெண்ணை அனுப்பினாய், சரி. வந்து சேர்ந்தாளா என்று பார்த்தாயா? சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு தட்டு மிஞ்சியதால்தான் உனக்கே தெரிந்தது. தேடியதும் ஓடைக்கு அந்தப் பக்கம், அவள் இருந்தது இந்தப் பக்கம். விடிந்த பிறகு வனக்காவலர்தான் விழுந்த மரத்தடியில் சருகுக் குவியலுக்குள்ளிருந்து அவளைத் தூக்கினார். நீ அவளைப் பெற்றவளுக்குப் போன் போடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்திருக்கிறாய். இதையும் அவளே சொன்னாள், கோள் சொல்வதற்காக இல்லை, நான் கேட்டதால் சொன்னாள்.

நீ சொல்லிக்கொடுப்பதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. நெருப்பு மூட்டவும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் வழி தவறினால் அலையாமல் ஓரிடத்தில் உட்காரவும் தெரிந்த பிள்ளை கெட்டுப்போகாது. ஆனால் உன் அம்மா என்னோடு மல்லுக்கு நின்று, அவன் வேண்டுமென்றா செய்தான், தொழிலென்றால் நாலும் நடக்கும் என்று உனக்காக வக்காலத்து வாங்கியதெல்லாம் இந்த வாரத்தோடு முடிந்தது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் அக்கா குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள், கதவு மூடினால் அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது. யாராவது எழுந்தால் எங்கே போறீங்க என்று கேட்கிறாள், தண்ணீர் குடிக்கப் போனாலும் கேட்கிறாள். நீ கொடுத்த விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன் என்கிறாள். விளம்பரத்தைக் கிழித்த அன்று உன் அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டே, "இது கையில இருந்துச்சே, ஊதியிருக்கலாமே கண்ணு" என்று கேட்டாள். "ஊதுனா தோத்தாச்சு, பேட்ஜ் கிடையாதுன்னு மாமா சொல்லியிருந்தார் பாட்டி" என்றாள். நீங்கள் சாப்பாட்டுக்கு மணி அடித்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. மணி கேட்கிற தூரத்தில் விசில் கேட்காதா? வாயில் விசிலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம், ஊதாமல். இருட்டின பிறகாவது ஊதக்கூடாதா என்றதற்கு, "யாரும் வரலயா, இதுவும் பரீட்சைதான்னு நெனச்சேன்" என்றாள். உன் அம்மாவின் கையில் சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உன் பேச்சு வந்தால் உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

இவ்வளவு நாளும் இது உன் கவனக்குறைவு என்று நினைத்துத்தான் கோபப்பட்டேன். இது கவனக்குறைவு இல்லை, நீ வாய் திறந்து சொல்லிக்கொடுத்த பாடம். உயிர் போகும்போதும் உதவிக்குக் கூப்பிடாதே என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாய், அவள் நல்ல மாணவி, அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். அந்தக் காகிதத்தில் கலங்கவில்லை என்று நீ பீற்றிக்கொள்வது இதைத்தான். பெற்ற மகன் என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஒட்டிய இடமெல்லாம் போய் உன் கையாலேயே கிழி, ஆளை அனுப்பாதே. அடுத்த முகாமுக்குப் பிள்ளைகள் வருவதற்குள் அந்தச் சட்டத்தை மாற்று. முதல் நாள், முதல் பாடம், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஊதிப் பழகட்டும், காடே காதைப் பொத்திக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு இங்கே வா. பரிசு கிரிசு என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே, அக்காவிடமும் என்னிடமும் சமாதானம் பேச வேண்டாம். சாயங்காலம் என் பேத்தி கடையில்தான் இருப்பாள். அவள் முன்னால் நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல். அவள் உடனே சிரிக்காவிட்டால் காத்திரு.

குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு தூங்கு, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. நீ நன்றாக இரு. உன்னை நம்பி வருகிற பிள்ளைகள் உன்னைவிட நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
அப்பா