நாக்கில் பார்த்த சிவப்பு

அகமதாபாத்,
12-2-1968

அன்புள்ள வாத்தியார் குமாரவேலுக்கு,

நமக்கு ஒரே வயதுதான். ஆனாலும் உன் சாயப்பட்டறையில் ஆறு வருஷம் தொழில் கற்றவன் உன்னை வேறு எப்படிக் கூப்பிடுவது? இங்கே மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. வந்த புதிதில், சாயத் தண்ணீரில் புளிப்புச் சரியா என்று, நீ சொல்லிக்கொடுத்தபடி விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இங்கே அதற்குக் காகிதம் வைத்திருக்கிறார்கள். நனைத்தால் நிறம் மாறும். ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். இனி நாக்கு வேண்டாம். உன் மனைவி வடிவாம்பாள் தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்
பூவராகவன்

காஞ்சிபுரம்,
3-3-1968

அன்புள்ள பூவராகவா,

காகிதம் வந்தது. சாயக் கொப்பரைக்கு நெருப்புப் போடும் பரசுராமனிடம் காட்டினேன். "கூரம் கிராமத்துல ஏர் ஓட்டிக்கினு இருந்தவன் நமக்குப் பேப்பர் அனுப்பறாம்பா!" என்று சிரித்தான். உன் காகிதத்தையும் என் நாக்கையும் ஒரே கொப்பரையில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே சொல்லின. பிறகு காகிதம் எதற்கு? அரக்குச் சிவப்புப் போடும் மாதங்களில் எனக்கு மூத்திரம்கூடச் சிவப்பாகத்தான் போகிறது. அப்பாவுக்கும் அப்படித்தான். "நம்ம சாயம் அவ்ளோ கெட்டிடா" என்பார். வடிவாம்பாள் சௌக்கியம். பங்குனி உத்திரத்துக்கு வருவாயா?

குமாரவேல்

அகமதாபாத்,
11-3-1968

அன்புள்ள வாத்தியாருக்கு,

ஊருக்கு வருவதைப் பிறகு எழுதுகிறேன். உனக்குப் போவது சாயம் இல்லை, ரத்தம். எங்கள் தலைமை கெமிஸ்டிடம் உன் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். அந்தச் சிவப்பில் சேரும் ஒரு சரக்கு மூத்திரப்பையில் கட்டி உண்டாக்கும் என்று வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். உடனே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. உன் அப்பா கடைசியில் பட்ட வலியையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பூவராகவன்

காஞ்சிபுரம்,
20-3-1968

பூவராகவன் அவர்களுக்கு,

என் வீட்டில் சாப்பிட்டு, என் கொப்பரையில் தொழில் கற்றுக்கொண்டு, என் அப்பா தன் கையாலேயே விஷம் தின்றார் என்று எழுதுகிறீர்கள். உங்களுக்குப் புத்தகம் தெரியும். எனக்குச் சாயம் தெரியும். இனி எழுத வேண்டாம்.

கு. குமாரவேல்

அகமதாபாத்,
2-1-1969

அன்புள்ள குமாரவேலுக்கு,

எட்டுக் கடிதங்களுக்குப் பதில் இல்லை. இது ஒன்பதாவது. ஆஸ்பத்திரிக்குப் போனாயா? என்னையும் சோதித்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் பார்க்க வேண்டுமாம்.

அந்தச் சரக்கு சேராமல் அதே அரக்குச் சிவப்பைப் பட்டில் ஏற்ற முடியுமா என்று எங்கள் கெமிஸ்டிடம் கேட்டேன். "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். நானே இருபத்தாறு தடவை போட்டுப் பார்த்தேன். அலசினால் நிறம் போய்விடுகிறது. கேட்க ஆள் இல்லை. விட்டுவிட்டு, சொன்ன வேலையை மட்டும் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. உன் அப்பா போன பிறகு உனக்கும் கேட்க ஆள் இல்லை. அப்போது நீ என்ன செய்தாய்?

பூவராகவன்

சென்னை, ஆஸ்பத்திரி,
4-2-1969

அன்புள்ள பூவராகவா,

உன் கடிதத்தை வடிவாம்பாள் இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். முந்தைய எட்டையும் நான் பிரிக்கவே இல்லை. கார்த்திகையில் மூத்திரம் அடைத்து விழுந்தேன். "ஆடிக்கு முன்னாடி வந்திருந்தாகூட ஏதாவது பண்ணியிருக்கலாம்பா" என்றார் டாக்டர். கட்டி பரவிவிட்டது. நீ மார்ச்சிலேயே எச்சரித்தது வடிவாம்பாளுக்குத் தெரியாது. சொல்லிவிடாதே.

நீ எழுதியது பொய் என்று நினைத்து எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை. என் கொப்பரையில் இருப்பது எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா போன பிறகு என்ன செய்தேன் என்று கேட்கிறாய். ஒன்றும் செய்யவில்லை. அவர் விட்ட இடத்திலேயே பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. உன் கெமிஸ்ட் சொல்லிவிட்டார். என்னைவிட நல்ல மனிதர்.

இருபத்தேழாவதைப் போடு. அது சரியாக வந்ததா என்று எனக்கு எழுத வேண்டாம். அதைச் சொல்லத் தெரிந்தவன் இனி நீதான்.

குமாரவேல்