டார்ச் விழாத ஆறு படங்கள்

மாசி 24, ஞாயிறு இரவு.

விடியற்காலை நாலு மணிக்குக் காணை பக்கம், கரும்புக் கொல்லை ஓரமாகக் கேமராவை நிறுத்திப் பால்வெளியைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன வானம் பார்க்கும் கிறுக்கு, நாற்பது வயதுக்குமேல் திரும்ப வந்திருக்கிறது. வரப்பில் டார்ச் வெளிச்சம் வந்தது. யாரென்றுகூடப் பார்க்காமல், "ஏய், லைட்ட நிறுத்து!" என்று கத்தினேன். உடனே அணைந்தது.

இரண்டு நிமிடம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து வந்தவருக்கு என் அம்மா வயது. வெறுங்கால்.

"கரண்டு இப்பத்தாங்க வுடுறான். மோட்டாரு போடப் போய்க்கினு இருந்தேன். போட்டோ கெட்டுப்போச்சுங்களா சார்?"

"இல்லம்மா." இப்போது மட்டும் அம்மா.

"நேத்து இந்த வரப்புலதான் நல்லபாம்பு கெடந்துச்சு. அதான் லைட்டு அடிச்சிக்கினு வந்தேன்."

நான் "போட்டுக்குங்க" என்று சொன்ன பிறகுதான் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

மாலையில் கணினியில் பார்த்தேன். முதலில் எடுத்தவற்றில் டார்ச் வெளிச்சம், கடைசியில் எடுத்தவற்றில் பனிமூட்டம். நடுவில் ஆறுதான் தேறின. அவர் இருட்டில் நடந்துவந்தபோது எடுத்த ஆறு. அவற்றை ஒரே படமாகச் சேர்த்துத்தான் வானம் பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். பாராட்டு குவிகிறது.

திண்டிவனத்து நண்பர் கேட்டிருக்கிறார்: "இவ்ளோ நல்ல இருட்டு எங்க சார் கெடச்சுது?"