ரோமாபுரியில் கடைசிப் பந்தி

என் ஆசை மைனிக்கு,

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். நாங்கள் ரோமாபுரிக்குப் போய்விட்டு வந்தோம். நீங்கள் இல்லாமல்தான் போனோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மீதியையும் கேளுங்கள்.

வேதத்தில் வருகிற பவுல் கப்பல் உடைந்து, கரையேறி, ரோமாபுரி போய்ச் சேர்ந்த கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லுவீர்கள். முடிக்கும்போது, "நானும் ஒருநா அங்க போவேன். ஆனா கப்பல்ல போவ மாட்டேன்" என்பீர்கள். பிள்ளைகள் சிரிக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அது விளையாட்டுக்குச் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போய் இது இரண்டாவது வருஷம். அண்ணன் உரக்கடையை ஒழுங்காகத்தான் திறக்கிறார். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்கிறார். ஆனால் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார், மைனி. அடுப்படியில் நின்றபடி தட்டைக் கையில் பிடித்து, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் மாதிரி விழுங்கிவிட்டுப் போய்விடுவார். நான் சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, மேசையில் இலை போட்டு, கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். "எனக்கு இங்கன நின்னா போதும்ட்டி" என்பார். ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் உங்கள் பின்னாலேயே கிளம்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

போன வருஷம் கோயில் அசனத்துக்கும் வரவில்லை. கூப்பிட்டவர், கூப்பிடாதவர், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று கேட்காமல் ஊரே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அன்றைக்குக் கறிக்கரண்டி அண்ணன் கையில்தான். நீங்களும் சாப்பிடாமல் காத்திருப்பீர்கள். கடைசிப் பந்தியில் பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "பெரிய வேலதான், வந்து உக்காருங்க" என்பீர்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் மனுஷன் கரண்டியைக் கீழே வைப்பார். போன வருஷம் அந்த நாளில் கடையைப் பூட்டிவிட்டு, மணிமுத்தாறு அணைப்பக்கம் போய்த் தனியாக இருந்துவிட்டு வந்தார்.

இதையெல்லாம் நம்ம ஷீபாவிடம் போனில் சொல்லி அழுதேன். ஜெர்மனியில் படித்துக்கொண்டே ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள் உங்கள் மகள். "அப்பாவக் கூட்டிக்கிட்டு வாங்க அத்தை. அம்மா ஆசப்பட்ட ஊருக்கு மூணு நாள் போயிட்டு வருவோம்" என்றாள். என் சீட்டுப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. கையைச் சுருக்கிப் பிடித்தால் சமாளிக்கலாம் என்று கிளம்பிவிட்டேன். அண்ணன் வரமாட்டேன் என்றார். "நீ வரலன்னா மைனிகிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றேன். அதற்கப்புறம்தான் போய் ஒரு கோட்டைக் கடன் வாங்கி வந்தார்.

முதலில் ஜெர்மனியில் ஷீபாவிடம் போய் இறங்கினோம். அங்கிருந்து ரோமாபுரிக்கு அவள் பிடித்தது இருப்பதிலேயே மலிவான விமானம். சீட்டுக்கு அடியில் அடங்குகிற பைக்கு மேல் கொண்டுபோகக் கூடாதாம். அண்ணன் அந்தக் கடன் கோட்டின் இரண்டு பைகளிலும் இட்லிப்பொடியையும் பருப்புப்பொடியையும் திணித்துக்கொண்டு வந்தார். சோதனைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து, அடுக்குத் தும்மலாகத் தும்மினார். அதோடு விட்டுவிட்டார்.

தங்கினது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதியில். மூன்று கட்டில், ஒரு சிலுவை, சுத்தமான விரிப்பு, அவ்வளவுதான். ராத்திரி சீக்கிரம் கதவடைத்து விடுவார்கள். எங்களுக்கு வெளியே சுற்ற என்ன காசா கிடக்கிறது? பஸ்ஸில் ஏறாமல் நடந்தோம். சந்தையில் ரொட்டியும் தக்காளியும் வாங்கி, பொடியைத் தூவி, பூங்காவில் வைத்துச் சாப்பிட்டோம். அந்தப் பெரிய வட்ட அரங்கத்துக்குள்ளே போக டிக்கெட் எங்கள் கைக்கு எட்டாது. அதனால் வெளியே நின்றே முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். "உள்ள சிங்கமா இருக்கப் போவுது? கல்லுதான இருக்கும்" என்றார் அண்ணன்.

தெருவுக்குத் தெரு குழாய், மைனி. திருகே கிடையாது, தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. "இப்படியா தண்ணிய விடுதாவ" என்று அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. ஒவ்வொரு குழாயிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நம் ஆத்துத் தண்ணீருக்கு ஈடில்லையாம், ஆனால் குறை சொல்ல முடியாதாம்.

அந்த ஊரில் காப்பியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை. இது தெரிந்ததும் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியாட்டி, ஊரே நின்னுக்கிட்டுதான் குடிக்கி" என்று எனக்கே பாடம் எடுத்தார். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது இதற்கா?

பவுல் வாடகைக்கு இருந்த வீடு இருந்த இடம் என்று ஒரு சின்னக் கோயிலைக் காட்டுகிறார்கள். காசு கேட்கவில்லை. உள்ளே நம் சபைக் கோயிலில் வைக்காத சுரூபச் சிலைகள் இருந்ததால் அண்ணன் முதலில் வாசலிலேயே தயங்கினார். அப்புறம் பையப் போய் நடுவில் நின்றார். "ஒன் மைனி இருந்தா இங்கனயே ஒரு ஞாயிறு பள்ளி நடத்திருப்பா" என்றார். நீங்கள் போனபிறகு அவர் உங்களைப் பற்றித் தானாகப் பேசினது அன்றைக்குத்தான். ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அழுதோம்.

கடைசி நாள் சாயங்காலம் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு சந்துக்குள் கோயில், அதன் முன்னால் தெருவை அடைத்து நீளமாக மேசைகள். ஓரத்தில் பெரிய அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள், கிழடு கட்டைகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நின்றுவிட்டார்.

"ஏட்டி, இங்கனயும் அசனம் போடுதாவ."

"சும்மா வாண்ணே, அது வேற ஏதோ."

"கோயில் வாசல்ல பந்தி போட்டிருக்காவ. பின்ன என்ன?"

சொல்லிக்கொண்டே போய், ஓரத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துவிட்டார், மைனி. ஷீபா இழுத்து வர ஓடப் பார்த்தாள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தினேன். தட்டு வந்தது, மொச்சை மாதிரி ஒரு பயறு போட்ட ஏதோ குழம்பு வந்தது. அண்ணன் தலையைக் குனிந்து ஜெபித்துவிட்டு ஒரு வாய் வைத்தார்.

அப்புறம்தான் குட்டு உடைந்தது. அது அந்தத் தெருக்காரர்கள் கோயில் கூரையைப் பழுதுபார்க்க முன்கூட்டியே பணம் கட்டி நடத்துகிற விருந்தாம். ஒரு பெண் பட்டியலோடு வந்து பெயர் கேட்க, ஷீபா போய் அவரிடம் விஷயத்தைச் சொல்ல, அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பழையபடி நின்றுகொண்டு. எனக்கு உயிரே போய்விட்டது.

அண்டாப் பக்கத்திலிருந்த ஆள் என்னவென்று கேட்டார். எங்கள் ஊரில் கோயில் வாசலில் சோறு போட்டால் யாரும் யாரையும் கேட்காமல் உட்காரலாம் என்று ஷீபா தெரிந்த பாஷையில் சொன்னாள். அதற்குள் அண்ணனுக்கு அடுத்த நாற்காலியிலிருந்த ஒரு பெண், உங்கள் வயசுதான் இருக்கும், அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காலியான நாற்காலியைக் கையால் தட்டினாள். இரண்டு தட்டு. கூடவே ஏதோ சொன்னாள். எங்களுக்குப் பாஷை புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது.

உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்டார். கண்ணீர் தட்டில் விழுந்தது, அதையும் துடைக்காமல் சாப்பிட்டார். எங்களுக்கும் இடம் போட்டார்கள். முடித்த கையோடு சும்மா இருந்தாரா? அண்டாவிடம் போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தமிழிலேயே கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். ஒரு பாட்டி நம் ஊர்க் கிழவிகள் மாதிரியே தட்டைக் கையால் மூடிக்கொண்டாள். அண்ணன் விரல் இடுக்கில் ஊற்றப்போவதாகப் பாவனை காட்டினார். அந்தச் சிரிப்பை மறுபடி பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

கிளம்பும்போது கூரை உண்டியலில் கையில் மிச்சமிருந்ததைப் போட்டுவிட்டு, மறுநாள் விமான நிலையத்துக்கு ரயில் பிடிக்க ஸ்டேஷனுக்கு மூட்டையோடு நடந்தே போனோம். கால் வலித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

நீங்கள்தான் அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினீர்களா என்று கேட்டால், "ஒனக்கு வேற சோலி இல்லையாட்டி" என்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சபைப் பெரியவர் அண்ணனிடம் வந்தார். "இந்த வருஷமாவது வருவியளா அண்ணாச்சி?" என்று பைய இழுத்தார். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "என் கரண்டி எங்கன கெடக்கு?" வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசத்தில் உப்பு இல்லை என்று என்னை ஏசவும் செய்தார். ஏசட்டும்.

மைனி, அசனத்தன்று நானும் சாப்பிடாமல் காத்திருப்பேன். கடைசிப் பந்தியில் பக்கத்து இடத்தைத் தட்டி அவரைக் கூப்பிடுவேன். எனக்கு உங்கள் சத்தம் வராது. வராவிட்டால் என்ன, அவர் வந்து உட்காருகிறவரை தட்டிக்கொண்டே இருப்பேன்.

உங்கள் இடத்தை அன்றைக்கு மட்டும் இரவல் கேட்கிற,
உங்கள் வாயாடி நாத்தனார்,
மெர்சி