தண்ணீர் பில்லும் ஏழு டேக்கும்

இன்று காலை தபால்பெட்டியில் தண்ணீர் பில் கிடந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம், பொடி எழுத்து எல்லாவற்றையும் படித்தேன். பில்தான், வேறொன்றுமில்லை. ஆனாலும் இன்னொரு முறை படித்தேன். நீங்கள் போன பிறகு எனக்கு வந்திருக்கும் புது வியாதி இது.

சந்தேகம் எனக்குப் புதிதில்லை, உங்களுக்குத் தெரியாததா. "உன் மூஞ்சிக்கு மேக்கப்பே வேணாம். நீ பாத்தாலே அவனவன் செய்யாத குத்தத்த ஒத்துக்குவான்" என்று சிரிப்பீர்கள். அதனால்தான் விடுமுறைக்கு நாம் எங்கே போனாலும், அங்கே நீங்கள் கைபேசியில் எடுத்த படங்களில் எனக்கு ஒரே வேடம். ஈப்போவில் துப்பறிகிறவள். ஹாட்யாய் ஹோட்டலில் நகையைத் தொலைத்துவிட்டு எல்லாரையும் முறைக்கிறவள். கேமரன் மலையில் விருந்தாளியை நம்பாத விடுதிக்காரி. விருந்தாளி நம் மகள் மாலா, ஒட்டுமீசையோடு.

படச்செலவு என்றால் பெட்ரோலும் சாப்பாடும்தான். மகன் குமரன் துடைப்பக்கட்டையில் மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். எந்தக் காட்சியில் கடிதம் வந்தாலும் அது வீட்டுத் தண்ணீர் பில். காதல் கடிதம், மிரட்டல் கடிதம், உயில், எல்லாம் அதே பில். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து மாலா ஒரு முறை படமெடுத்துக்கொண்டிருந்த கைபேசியையே கீழே போட்டாள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் பொட்டு, வளையல், பை மாட்டிய தோள் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கன்டினியூட்டி வேலையும் என்னுடையது. அதில் உங்களையே நான் விட்டுவைத்ததில்லை.

கடைசிப் பயணத்துக்கு பாலிக் புலாவ் என்றீர்கள். எனக்கு அப்போதே இடித்தது.

"முக்கால் மணி நேரத் தூரத்துக்கு யாராச்சும் பெட்டி கட்டுவாங்களா?"

"ஒரு நாள் வீட்ட விட்டுத் தங்குனா பயணம்தான்லா."

மாநில எல்லை தாண்டாமல் படம் எடுக்காத மனிதர் பேசுகிற பேச்சா அது? அதற்கு முன் இரண்டு சனிக்கிழமை லொக்கேஷன் பார்க்கப் போகிறேன் என்று காடியை ஓட்டிக்கொண்டு போனீர்கள். ஒரு போட்டோகூட இல்லாமல் திரும்பினீர்கள். சட்டைப்பையில் பெப்பர்மின்ட் மிட்டாய். டுரியான் தோட்டத்து விடுதியில் பத்துப் படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றீர்கள். நான் முடிவே கட்டிவிட்டேன். நீங்கள் துணி மாற்றும்போது சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. வாடை இல்லாததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"மறுபடியும் சிகரெட்டா?"

"இல்லம்மா."

"என் மேல சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

கேட்டவுடன் செய்த சத்தியம். அதையும் நான் நம்பவில்லை.

மறுநாள் காலை அந்த அறையிலேயே காட்சி. கணவனின் பைக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. மனைவி எடுத்துப் படிக்கிறாள், நிமிர்ந்து ஒரே ஒரு வசனம் சொல்கிறாள். அவ்வளவுதான்.

"என்ன லெட்டர்னு தெரிஞ்சாதானே முகத்துல வரும்?" என்றேன்.

"படிச்சுப் பாத்துட்டு நடி."

"எத? தண்ணி பில்லையா?"

பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். நீங்கள் சிரித்தீர்களா என்று எனக்கு நினைவில்லை. விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது என்று முதல் ஷாட்டிலேயே என் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு. காகிதத்தை விரித்தேன், கண்ணை ஓட்டினேன், நிமிர்ந்து வசனத்தைச் சொன்னேன். நன்றாகத்தான் வந்தது. இன்னொன்று என்றீர்கள். மூன்று, நான்கு. குமரன் கை வலிக்கிறது என்றான்.

நான்காவது முடிந்ததும் மெதுவாகச் சொன்னீர்கள்: "இந்தத் தடவ கண்ணாடி போட்டுக்கயேன்."

நான் சீறினேன். "முன்ன இல்லாத கண்ணாடி இப்ப எங்கேருந்து வரும்? கன்டினியூட்டி போயிடும்லா!"

இன்னும் மூன்று டேக் எடுத்தீர்கள். ஏழாவது முடிந்ததும் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்து உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்லா சொன்ன. போதும்" என்றீர்கள். மூன்று வாரம் கழித்து நீங்கள் வீட்டில் மயங்கி விழுந்தபோதுதான், இரண்டு மாதமாக உங்களுக்குத் தெரிந்திருந்ததை டாக்டர் எங்களிடம் சொன்னார். அதன்பின் நாட்கள் அதிகமில்லை.

படத்தை முடித்துவிடலாம் என்று போன வாரம் மாலா அந்த ஏழு டேக்கையும் எனக்கு அனுப்பினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஏழாவதில் காகிதம் கேமரா பக்கம் திரும்புகிறது. நிறுத்தி, பெரிதாக்கினேன். தண்ணீர் பில் இல்லை. மேலே மருத்துவமனையின் பெயர். அதற்குக் கீழே உங்கள் பெயர். அதற்கும் கீழே டாக்டர் சொன்ன அதே வார்த்தை.

உங்கள் மேல் எனக்கு அடங்காத கோபம். வாயைத் திறந்து சொல்லத் தைரியமில்லாமல் ஒரு படமா எடுப்பீர்கள்? என் மேல் அதைவிடக் கோபம். இருபத்தாறு வருஷம் உங்கள் பையைத் துழாவினேன், சட்டையை முகர்ந்தேன். நீங்களாகவே என் கையில் ஏழு தடவை கொடுத்ததை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. கண்ணாடி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கட்டில்மேல்தான் இருந்தது.

எந்த டேக்கை வைக்கட்டும் என்று மாலா கேட்டாள். எதுவும் வேண்டாம், நாளைக்கு வந்து புதிதாக எடு என்றிருக்கிறேன். கன்டினியூட்டி போனால் போகட்டும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்திலேயே மாட்டியிருக்கிறேன், இனி கழற்றுவதாக இல்லை. உங்கள் ஆஸ்பத்திரிக் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். வசனத்தை ஒத்திகை பார்க்கத் தேவையில்லை. நீங்கள் எழுதித் தந்து, உங்கள் முகத்துக்கு நேரே ஏழு தடவை நான் சொன்னதுதானே:

"ஏங்க, இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"