நீ ஏன் சிரித்தாய், அண்ணே

அன்பு குறையாத என் அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருசமாகிறது. இன்றைக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க வைத்தவள் ஒரு கல்லூரிப் பெண்.

போன செவ்வாய்க்கிழமை மதுரையில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். கதை, கவிதை எழுதப் பழகும் பிள்ளைகள் இருபது பேர். என் கவிதைகளை வாசித்துவிட்டு அவர்களோடு பேச வேண்டும். எங்கே போனாலும் செய்வதுபோல உன்னைப் பற்றிய கவிதையைத்தான் முதலில் வாசித்தேன்.

ஒருத்தரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்ன அன்றைக்கு, "மலரு படிக்கட்டும்" என்று நீ சிரித்துக்கொண்டே எழுந்து போனாயே, அந்தக் கவிதை. 'என் புத்தகப் பைக்குள் இருந்தது உன் பள்ளிக்கூடம்' என்று முடியும். அந்த வரியில் எல்லா அரங்குகளும் அமைதியாகிவிடும். அன்றைக்கும் ஆனது.

பிறகு தீபா என்றொரு பெண் கை தூக்கினாள். கொட்டாம்பட்டிப் பக்கம். "மேடம், அழுகைய மறைக்கத்தான் அண்ணன் சிரிச்சார்னு எழுதியிருக்கீங்க. நெசமாவே சந்தோசத்துல சிரிச்சிருந்தா?"

பின் வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவள் விடவில்லை. "எங்கண்ணன் காலேஜ விட்டுட்டு வந்த அன்னைக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு. வீட்ல நாங்கதான் அழுதோம். நீங்க ஒங்க அண்ணன்கிட்ட கேட்டீங்களா மேடம்?"

கவிதையின் உண்மை வேறு, நடந்தது வேறு என்று என்னவோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கே அது ஒட்டவில்லை. அவளோ மரியாதையாக அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அதுதான் இன்னும் உறுத்தியது.

சமயநல்லூரில் என் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள் மேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் வீட்டில் மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றியதுமே கேட்டேன். "மதினி, பள்ளிக்கூடத்த விட்டதுக்கு அண்ணன் வருத்தப்பட்டுச்சா?"

"வருத்தமா? கணக்கு வாத்தியாரக் கண்டாலே காய்ச்சல் வந்துரும்பாக. எட்டாப்புலருந்தே லாரி லாரின்னு கெடந்திருக்காக. ஒங்கப்பா அப்படிச் சொன்னது வசதியாப் போச்சாம்."

"அப்ப என் கவிதை?"

"ஒன் பொஸ்தகத்த லாரியிலதான் வச்சிருந்தாக. டீ குடிக்க நிப்பாட்டுனா மத்த டிரைவருகளுக்கு வாசிச்சுக் காட்டுவாக. 'அப்படியில்லன்னு அதுகிட்ட சொல்ல வேண்டியதுதான'ன்னு ஒருதரம் கேட்டேன். 'நல்லா எழுதியிருக்கு கழுத, இருந்துட்டுப் போகுது'ன்னுட்டாக."

நான் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் மதினி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

மதினியிடம் நீ சொன்னதுதான் நிசமா, அண்ணே? இல்லை, என்றாவது நான் வந்து கேட்பேன் என்று அப்படிச் சொல்லி வைத்தாயா? இத்தனை காலம் உன் படிப்பை நான் தின்றுவிட்டதாக நினைத்து மருகியிருக்கிறேன். நீ வரும்போதெல்லாம் "சாப்பிட்டியா" என்று கேட்டேன். லாரியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்த அன்றைக்கு எங்கே ஓட்டிப் போனாய்? எந்த ரோடு உனக்குப் பிடிக்கும்? தனியாக ஓட்டும்போது பாடுவாயா, பேசுவாயா? அப்படியே நிறுத்திவிட்டு நீ இறங்கிப் பார்த்த இடம் எது?

அடுத்த செவ்வாயும் அந்த வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மதினி சொன்னதை அப்படியே சொல்லப்போகிறேன். தீபா கேட்டது சரியான கேள்வி என்றும் சொல்வேன்.

உன்னோடு வண்டி ஓட்டிய சேகரண்ணன் மேலூரில்தான் இருக்கிறார். பேசிவிட்டேன். "வா மலரு, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றார். முன் சீட்டில் உட்கார்ந்து, நீ பார்த்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகப்போகிறேன். அதற்கு முன்னால் உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். சத்தியம், அண்ணே.

கேட்காமலே எழுதிவிட்ட
உன் தங்கச்சி,
மலர்