தற்போது வசிக்கும் இடம்

வெள்ளவத்தை
12.6.1982

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். சின்னம்மா போடுகிற சாப்பாட்டில் சட்டைகள் எல்லாம் இறுக்கமாகிவிட்டன. நீங்கள் கடிதத்துக்குக் கடிதம் "சாப்பிட்டேன்" என்று எழுதுகிறீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் எழுதுவதில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிடுகிறது.

ஒரு நல்ல செய்தி. வியாபாரிகளுக்காக நான் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளைப் புத்தகமாகப் போடப் போகிறார்கள். கம்பியூட்டர் பற்றி எழுதியவையும் அதில் வரும். பின்னட்டைக்கு, எழுதியவரின் தொழில் பின்னணி என்று ஐந்தாறு வரி வேண்டுமாம். இதே வரிசையில் முன்பு எழுதியவர்களைப் பார்த்தேன். ஒருவர் வங்கி மனேஜர், ஒருவர் லண்டனில் கணக்கியல் படித்தவர், இன்னொருவர் கம்பியூட்டர் எஞ்சினியர். நான் எதை எழுதுவது? கூட்டுறவுக் கடையில் வேலைக்கு நின்றேன், இங்கே கொழும்புக்கு வந்து கம்பியூட்டர் பழகினேன், இப்போது ஒரு கம்பெனியில் நாள் முழுக்க, கம்பியூட்டருக்குக் கணக்குக் கொடுக்க மெசினில் எண் அடித்து அட்டைகளுக்குத் துளை போடுகிறேன். இதைச் சொன்னால் யார் புத்தகத்தை வாங்குவார்கள்? நீங்களே எழுதித் தாருங்கள். என்னை உங்களுக்குத்தானே தெரியும்.

இன்னொன்று. கம்பெனியில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார்கள். ஆவணிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

உங்கள்
விமலேஸ்வரி

*

முத்தையன்கட்டு
4.7.1982

அன்புள்ள விமலா,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை வந்தது. அதை விட்டுவிட்டுப் பேனை பிடிக்க முடியுமா? நேற்று சாப்பிட்டது புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். புட்டு கொஞ்சம் கல்லு மாதிரி.

நீ கேட்டதை எழுதி, பக்கத்து வயல் பழனியாண்டி அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "மண்ணெண்ண விசயத்த விட்டுறாதீங்க தம்பி" என்றார். அதையும் சேர்த்திருக்கிறேன்.

"விமலேஸ்வரி யோகலிங்கம் புதுக்குடியிருப்பில் கூட்டுறவுக் கடையை நடத்தியவர். மாரி தொடங்க முன்னமே, வெள்ளத்தில் றோட்டு அறுந்தால் சனம் எதைத் தேடும் என்று யோசித்து, மண்ணெண்ணெயும் நெருப்புப் பெட்டியும் இறக்கி வைத்தவர். எது விற்கும், எது தூங்கும் என்பதைக் கடைக்கு வருகிறவர்களின் கதையைக் கேட்டே அறிந்தவர். கம்பியூட்டரைப் பிறகுதான் கண்டார். கடை யோசனையில் அடுப்பை மறந்து, கணவனுக்குப் பலமுறை கருகின சோறு போட்டவர். தற்போது .................. வசிக்கிறார்."

நீ முந்தி அனுப்பிய புத்தகங்களில் எல்லாம் கடைசி வரி அப்படித்தான் இருந்தது. அந்த இடத்தை நான் நிரப்பவில்லை. நீயே எழுது.

அன்புடன்
யோகலிங்கம்

*

வெள்ளவத்தை
13.7.1982

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் வரிகளைக் கம்பெனியில் இருந்தே வாசித்தேன். முதலில் சிரித்தேன், பிறகு வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். கடையில் நான் செய்ததை ஒரு தொழில் என்று இத்தனை நாளும் நானே நினைத்ததில்லை. சஞ்சிகை ஆசிரியருக்கும் நன்றாகப் பிடித்துவிட்டது. கருகின சோற்றை மட்டும் எடுத்துவிடலாமா என்றார். மாட்டேன் என்றேன்.

ஆனால் எனக்குக் கோபம், பொல்லாத கோபம். வேலையை எடுக்கவா விடவா என்று கேட்டால், நீங்கள் புள்ளி புள்ளியாக வைத்து அனுப்புகிறீர்கள். "வா" என்று ஒரு சொல் எழுத உங்கள் கைக்கு என்ன வந்தது? "அவர் என்னடி சொல்லுறார்? இருக்கச் சொல்லுறாரோ, வரச் சொல்லுறாரோ?" என்று சின்னம்மா கேட்கிறா. நான் எதைச் சொல்ல? நான் இல்லாமலே அங்கே எல்லாம் சுகமாக ஓடுகிறதோ என்றும் நினைக்கத் தோன்றுகிறது.

உங்கள் பதில் வரும்வரை அந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்.

விமலேஸ்வரி

*

முத்தையன்கட்டு
22.7.1982

விமலா,

இங்கே ஒன்றும் சுகமாக ஓடவில்லை. கட்டிலில் நீ படுக்கிற பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதைப் பார்க்க ஏலாமல், ஒரு நெல்லு மூட்டையைத் தூக்கி வைத்திருக்கிறேன். பழனியாண்டி அண்ணன் கண்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வா என்று எழுதினால் நீ வந்துவிடுவாய். எனக்கு அதுதான் பயம். பிறகு ஒரு நாள் குசினி அடுப்படியில் நின்றுகொண்டு அந்த வேலையை நினைப்பாய், எனக்குச் சொல்லவும் மாட்டாய். கொழும்புதான் வேண்டும் என்றால் கொழும்பு என்றே எழுது. சிறுபோக நெல்லு வெட்டினவுடன் வயலைப் பழனியாண்டி அண்ணனிடம் விட்டுவிட்டு நான் வாறன். அங்கே எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது. சோறு கருகாமல் சமைப்பேன்.

நீ இல்லாமல் எனக்குப் பெரிய கஷ்டம் விமலா. கேட்டாய், எழுதிவிட்டேன்.

யோகலிங்கம்

*

வெள்ளவத்தை
9.8.1982

அன்பின் அத்தானுக்கு,

கடிதம் கிடைத்த மறுநாளே கம்பெனியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காகத்தான் என்று பழனியாண்டி அண்ணனிடம் பெருமையடிக்க வேண்டாம். பாதிதான் உங்களுக்காக.

மற்றப் பாதியைச் சொல்கிறேன். கம்பியூட்டர் பற்றியதை விட்டால், இங்கே இருந்து நான் எழுதியது எல்லாம் அந்தக் கடையில் கண்டதும் கேட்டதும்தான். சித்திரையோடு அது தீர்ந்துவிட்டது. அதன் பிறகு ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்தக் குளிர் அறையில் நான் அடிக்கிற எண்கள் யாருடையவை என்றே தெரியாது. அங்கே என்றால் ஒரு சவர்க்காரக் கட்டி விற்றாலும் யார் வீட்டுக் கிணற்றடிக்குப் போகிறது என்று தெரியும். அது தெரியாமல் எனக்கு எழுத வராது அத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் என்னைத் திரும்பக் கடைக்கு எடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். கட்டுரைகளைத் தபாலில் அனுப்பினால் போதும் என்று சஞ்சிகை ஆசிரியரும் சொல்லிவிட்டார்.

பின்னட்டை அச்சாகிவிட்டது, ஒன்றை இத்துடன் வைக்கிறேன். கருகின சோறு அப்படியே இருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள்: "தற்போது முத்தையன்கட்டில் வசிக்கிறார்." புத்தகத்தில் நான் வந்து சேர்ந்துவிட்டேன். இனியும் இங்கே இருந்தால் அச்சில் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். புளியங்குளம் ஸ்டேசனுக்கு வாருங்கள். வெளிக்கிட முன்னம் அந்த நெல்லு மூட்டையைக் கட்டிலில் இருந்து இறக்கிவிடுங்கள்.

உங்கள்
விமலா